ரைட்டர் வீதியில் பூக் கேட்ட கதை

ஆடி முடிவதற்குள் மாதேஷை வீட்டைவிட்டுக் கிளப்பியே தீருவது என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, அதற்கப்புறம்தான் எடுத்தேன். எங்கள் வீட்டில் நான் குரலை உயர்த்தக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

"ஏனுங்க, உள்ள யாருகிட்டப் பேசறீங்க?" வெளியே கௌரி.

"பாட்டு."

"பாட்டுன்னா தண்ணிய நிறுத்திப்போட்டுப் பாடுங்க. டேங்க் காலியாவுது. மாதேசுத் தம்பி இன்னும் குளிக்கலைங்க."

குழாயை நிறுத்தினேன். சபதத்தை நிறுத்தவில்லை.

என் பெயர் செல்லப்பன். வயது ஐம்பத்திரண்டு. ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சொந்த ஊர் ஓமலூர்ப் பக்கம். குடியிருப்பது மாமனார் கட்டிக்காத்து மகளுக்கு எழுதிவைத்த வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரார் சொல்கிறார்கள். தவறு. வீட்டோடு இருப்பது ஓடு, உத்தரம், ஜன்னல். என்னை எப்போது வேண்டுமானாலும் கழற்றி வெளியே வைக்கலாம்.

ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால் இறங்குகிற சந்துதான் ரைட்டர் வீதி. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துரை, தன் காப்பி எஸ்டேட்டில் ஆட்களுக்குப் பேர் போட்டுக் கூலிக் கணக்கு எழுதுகிற ரைட்டர்களுக்காகக் கட்டிய பன்னிரண்டு ஓட்டு வீடுகள். ஒன்றரை முழக் கனத்தில் சுவர். உயரமானவர்கள் குனிந்தால்தான் நுழைய முடிகிற வாசல். சில வருஷம் முன்புவரை இங்கே குடிவர ஆளில்லை. குரங்குகள் மட்டும் வந்தன. மழைக்காலத்தில் அவையும் காலி செய்துவிடும்.

அப்புறம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வாலிபப் பிள்ளைகள் மலையேறி வந்தார்கள். பழைய வீடுதான் வேண்டுமாம். ஒரு பெண் எங்கள் சுவரில் காரை பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினாள். அந்த இடத்தில் சிமெண்ட் பூசாததற்காகப் பத்து வருஷமாக நான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இன்று வீதியில் வாடகைக்கு ஆள் இல்லாத வீடே கிடையாது. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் மூன்று பெண்களுக்கு முன்வீட்டை விட்டுவிட்டு, தான் அடுப்படியில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாள்.

எங்கள் பின்வீட்டுக்கு வந்தவன் மாதேஷ். ஓசூர்ப் பையன். இருபத்தெட்டு வயது. பெங்களூர்க் கம்பெனி. ஆறடி உயரம். எங்கள் வாசலில் ஒவ்வொரு தடவையும் குனிந்துதான் வருவான். "என்னா ஒரு பணிவு பாருங்க!" என்பாள் கௌரி. நான் ஐந்தேகால் அடி. நிமிர்ந்தே வருவேன். அதற்குத் திமிர் என்று பெயர்.

வந்த அன்றே கௌரியை 'அக்கா' என்றான். என்னை 'அங்கிள்' என்றான். அக்காவின் புருஷன் எப்படி அங்கிள் ஆவான்? நியாயமாகப் பார்த்தால் நான் மாமா. அந்த ஒரு வார்த்தையில் கௌரிக்குப் பத்து வயது குறைந்தது. குறைந்த பத்தையும் என் தலையில் ஏற்றிவிட்டான். அன்று சாயங்காலம் கௌரி கண்ணாடி முன்னால் நின்று, "தம்பி சரியாத்தான் சொல்லுது" என்றாள்.

பொறாமையா என்று கேட்கிறீர்களா? பொறாமைதான். சுற்றி வளைத்துப் பேசுகிற வயது எனக்குப் போய்விட்டது. அவன் "அக்கா, இன்னிக்கு மிஸ்ட் செம!" என்றால் இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மூடுபனியில் சிரிக்க என்ன இருக்கிறது? இருபத்தாறு வருஷமாக மூடுபனியோடு நானும்தான் குடித்தனம் நடத்துகிறேன். லாட்ஜில் டூரிஸ்ட்டுகளை உருளவைக்கிற ஜோக்கை இவளிடம் சொன்னால், "அடுப்புல பால் பொங்குதா பாருங்க" என்கிறாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். டிகாஷனில் கை வைத்தபோதுதான் பொறுக்கவில்லை.

கொல்லையில் எட்டுக் காப்பிச் செடி இருக்கிறது. அந்தக் கொட்டையைக் கௌரியே காயவைத்து, வறுத்து, அரைத்து, பித்தளைப் பில்டரில் போடுவாள். முதலில் இறங்குகிற டிகாஷன் கெட்டியாக, கறுப்பாக, கம்மென்று இருக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இறங்குவது இரண்டாவது டிகாஷன். அது காப்பிக்குத் தூரத்துச் சொந்தம்; வீட்டுக்கு வருகிறவர் போகிறவருக்கு. இருபத்தாறு வருஷமாக முதல் டிகாஷன் எனக்குத்தான். வீடு அவளுடையது, கொல்லை அவளுடையது, பேச்சு அவளுடையது. எனக்கென்று இருந்தது அந்த ஒரு டம்ளர்.

ஒரு நாள் காலை வாயில் வைத்தேன். விஷயம் புரிந்துவிட்டது.

"கௌரி, இது ரெண்டாவது டிகாஷன்."

"அதுக்கென்னங்க இப்ப?"

"மொதலாவது எங்க?"

"அந்தத் தம்பிக்குக் குடுத்துட்டனுங்க. ராத்திரி பூராவும் அமெரிக்காக்காரங்களோட பேசுது பாவம். கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

"நானும்தான் லாட்ஜுல பகல் பூராவும் பேசறேன்."

"நீங்க பேசறதுல எதுத்தாப்புல இருக்கறவங்களுக்குத்தானுங்க கண்ணு செவக்கும்."

பின்வீட்டு ஜன்னலில் மாதேஷ் தெரிந்தான். என் டம்ளர். என் டிகாஷன். கண்ணை மூடி ரசித்துக் குடிக்கிறான். எனக்கு நெஞ்சு எரிந்தது. வெறும் வயிற்றில் இரண்டாவது டிகாஷன் குடித்ததாலும் இருக்கலாம்.

முதலில் பயமுறுத்திப் பார்த்தேன். "தம்பி, பின்பக்கம் காட்டெருமை வரும், ஜாக்கிரதை" என்றேன். "செம அங்கிள்!" என்று ஜன்னலில் கேமராவைக் கட்டிவைத்துவிட்டான். எருமை வரவில்லை. இரண்டு நாள் நான் பல் தேய்ப்பதுதான் பதிவாகியிருந்தது. அதையும் கௌரிக்குப் போட்டுக் காட்டினான். அதற்கும் சிரித்தாள்.

நேராகப் போய் "அவனை அனுப்பு" என்று சொல்ல முடியாது. "ஊடு எங்கப்பன் ஊடுங்க" என்ற ஒரு வரியில் என் வாய் அடைபடும். அவளுக்கு மேலே ஒருவர் சொல்ல வேண்டும். அவளுக்கு மேலே இருப்பது ஒரே ஒரு ஆள். வீதி முனையில் இருக்கிற மாரியம்மன்.

கௌரி வீட்டு வழக்கம் அது. கிணறு வெட்டுவதா, மாடு விற்பதா, எதுவானாலும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ. இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் இலையில் மடித்து, நாரால் ஒரே மாதிரி கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். வெள்ளை வந்தால் என்ன, சிவப்பு வந்தால் என்ன என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். வந்ததுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

பொட்டலம் கட்டுகிற கை யாருடையது என்று மட்டும் அம்மன் பார்ப்பதில்லை. என் மூளை அங்கேதான் மின்னியது.

"கௌரி, நேத்து அம்மன் கனவுல வந்தா."

"உங்க கனவுலயா?" சந்தேகமாகப் பார்த்தாள். "ஊடு மாறி வந்துருச்சுங்களா?"

"பின்வீட்டுல ஆள் வெக்கலாமான்னு எங்கிட்டக் கேட்டியான்னு கேட்டா."

கௌரி முறத்தை இறக்கி வைத்தாள். என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.

"அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க. வெள்ளிக்கெழம ஆடி ரெண்டாம் வெள்ளி. பூக் கேட்டுப்போடலாம்."

இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை. கொல்லையில் பறித்த நந்தியாவட்டை ஒரு கை. ஒண்டிக்கடையில் வாங்கிய செவ்வரளி ஒரு கை. இரண்டு துண்டு வாழை இலை. நார்.

"நீ குளிச்சுட்டு வா கௌரி. பொட்டலத்த நான் கட்டறேன்."

"நீங்களா? ஒரு நாளு ஒரு வெங்காயம் உரிச்சிருக்கீங்களா?"

"சாமி காரியம். நமக்கும் கொஞ்சம் புண்ணியம் வேணுமில்ல?"

"கட்டுங்க, கட்டுங்க" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் பொட்டலத்தில் செவ்வரளி. இரண்டாவது பொட்டலத்திலும் செவ்வரளி. நந்தியாவட்டையைக் காப்பிச் செடி மறைவில் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் சிவப்பு. சிவப்பு வந்தால் மாதேஷ் ஓசூர். முதல் டிகாஷன் செல்லப்பன். என் வாழ்க்கையில் இத்தனை கச்சிதமாக நான் எதையும் கட்டியதில்லை.

கோயிலுக்கு நானும் கௌரியும் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. மாதேஷ் வேட்டி கட்டிக்கொண்டு தேங்காய்த் தட்டோடு வந்து நின்றான். ஆறடிக்கு வேட்டி எடுப்பாகத்தான் இருந்தது. கௌரி அவன் நெற்றியில் திருநீறு இட்டுவிட்டாள். என் நெற்றி அங்கேயே பக்கத்தில்தான் இருந்தது. மரியபுஷ்பம், "உங்க சாமின்னாலும் வேடிக்கை பாக்கறதுக்கு என்ன?" என்று சேர்ந்துகொண்டாள். அவள் வீட்டு மூன்று பெண்களும் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். என் பொட்டலத்துக்கு ஊர்வலமே வைத்துவிட்டார்கள்.

பூசாரி காளியண்ணன் இரண்டு பொட்டலத்தையும் வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். கற்பூரம் ஏற்றினார்.

"வெள்ளை வந்தா என்ன, செவப்பு வந்தா என்ன? அம்மன் காதுல உளுகறாப்புல சொல்லிப்போடுங்க."

நான் முன்னால் போனேன். "வெள்ளை வந்தா மாதேஷ் நம்ம வீட்டுலயே இருக்கட்டும். செவப்பு வந்தா..." குரலைத் தாழ்த்தினேன். துக்கம் தெரிய வேண்டுமே. "மனசக் கல்லாக்கிட்டு அனுப்பி வெச்சுருவோம்."

"பரவால்ல அங்கிள்" என்றான் மாதேஷ். "அம்மன் என்ன சொல்றாங்களோ, எனக்கு ஓகே." நல்ல பையன். அதுதான் எனக்கு எரிச்சல்.

பூசாரி கையை நீட்டினார்.

"இருங்கண்ணா" என்றாள் கௌரி. "கேள்வி மொறையா இல்லீங்களே."

"என்ன மொறை?" என் குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

"பூக் கேக்கறதுன்னா புதுசா ஒரு காரியத்தச் செய்யட்டுமான்னு உத்தரவு கேக்கறதுங்க. வெள்ளை வந்தா செய்யலாம். செவப்பு வந்தா செய்யப்படாது. எங்கப்பன் காலத்துல இருந்து அதுதானுங்க. தம்பி இருக்கறது பழைய காரியம். அது ஏற்கெனவே இருக்குது. இப்பப் புதுக் காரியம் எது?"

"அனுப்பறதுதான்" என்றார் பூசாரி.

"அதத்தானுங்க கேக்கோணும். ஆத்தா, இந்தப் பையன ஊட்ட உட்டு அனுப்பட்டுமா? வெள்ளை வந்தா அனுப்பறோம். செவப்பு வந்தா அனுப்பல."

"அம்மிணி சொல்றதுதான் மொறை" என்றார் பூசாரி.

எனக்கு வேர்த்தது. ஆடி மாசம், ஏற்காடு, வெளியே தூறல். எனக்கு மட்டும் வேர்த்தது.

"பூசாரி, அந்தப் பொட்டலம் கொஞ்சம் தளர்வாக் கட்டிட்டேன். வெளிய எடுத்துட்டுப் போயி இறுக்கிக் கட்டிட்டு வந்துரட்டுமா?"

"அம்மன் காலடியில வெச்சத எடுக்கப்படாதுங்க."

"ஒரு நிமிசம் போதும்."

"ஏனுங்க" என்றாள் கௌரி, ரொம்ப மெதுவாக. "சாமிகிட்டயே அவசரப்படறீங்களே."

பூசாரி கண்ணை மூடினார். எடுத்தார். பிரித்தார். நான் கட்டிய செவ்வரளி, வாட்டமே இல்லாமல் பளபளவென்று சிரித்தது.

"செவப்பு! அனுப்பக் கூடாதுன்னு ஆத்தா சொல்லீட்டா!"

மூன்று பெண்களும் கைதட்டினார்கள். மாதேஷ் ஓடிவந்து என்னைத்தான் கட்டிப்பிடித்தான். என் முகம் அவன் நெஞ்சளவில் அழுந்தியது. "தேங்க்ஸ் அங்கிள்! நீங்க மட்டும் பூக் கேக்கலாம்னு சொல்லலைன்னா, இந்த மாதிரி ஒரு கன்பர்மேஷன் எனக்குக் கெடச்சிருக்காது!"

அத்தோடு முடிந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மரியபுஷ்பம் வாயைத் திறந்தாள்.

"பூசாரி, அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க. வெள்ளை எப்படி இருக்குன்னு பாப்போம்."

"ஆமா, ஆமா, வீடியோல ரெண்டும் வரணும்" என்றது ஒரு பெண். போன் அம்மன் காலடிக்குப் போனது. பூசாரி கை நீண்டது. சாமியை ஏமாற்றியவன் என்று பன்னிரண்டு வீடும் பேசும். அப்புறம் போனில் ஊரே பார்க்கும்.

கௌரி குனிந்தாள். பொட்டலத்தை எடுத்தாள். முந்தானையில் முடிந்தாள்.

"எடுக்காத பூவப் பிரிக்கறது ஆத்தா வாக்க நம்பாத மாதிரியாயிருமுங்க. ஊட்டுக்குக் கொண்டுபோயி வெச்சுக்கறேன்."

உயிர் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக என் மனைவியை மனசாரக் கும்பிடத் தோன்றியது. அந்த எண்ணம் கோயில் படி இறங்குவதற்குள் போய்விட்டது.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மூடுபனியில் நாங்கள் இருவர் மட்டும்.

"ஏனுங்க, இந்தப் பொட்டலத்துல இருக்கறது என்ன பூவுங்க?"

"வெள்ளைதான். வேற என்ன?"

"பிரிச்சுப் பாக்கட்டுங்களா?"

"கூடாது. சாமியச் சந்தேகப்படக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"சாமிய யாருங்க சந்தேகப்பட்டா? கட்டுனவரத்தான்."

அவள் முந்தானை முடிச்சை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பூசாரியண்ணன் இன்னும் நடை சாத்தலைங்க. திரும்பிப் போயி அவரு முன்னாலயே பிரிச்சுரலாங்களா?"

"என்ன வேணும்னு சொல்லு" என்றேன்.

"அந்தத் தம்பி மேல உங்களுக்கு ஏனுங்க இந்தக் காந்தல்?"

இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "என் மொத டிகாஷன அவனுக்குக் குடுத்தியே!" என்றேன். குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது. "இருபத்தாறு வருசமா எனக்குக் குடுத்தது."

கௌரி நின்றாள். "அவன் தெனமும் குடிச்சுப்போட்டு, 'அக்கா, காப்பி நொம்ப நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்றானுங்க. இருபத்தாறு வருசத்துல நீங்க ஒரு நாளு சொன்னீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலைன்னா நல்லாருக்குன்னுதான அர்த்தம்?"

"அந்த அர்த்தத்தக் குடிச்சுத்தானுங்க நானும் இத்தன வருசம் உக்காந்திருந்தேன்."

எனக்கு என்னவோ போலிருந்தது. "நல்லாத்தான் இருக்கும் கௌரி" என்றேன். "நொம்பவே."

"இந்தப் பொட்டலம் எங்கிட்ட இருக்கறதால சொல்றீங்க" என்றாள். ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. "சரிங்க. நாளையில இருந்து நீங்களே அஞ்சரைக்கு எந்திரிச்சுப் பில்டர்ல தண்ணி ஊத்துங்க. மொத டிகாஷன் யாருக்குங்கறத ஊத்தறவங்களே முடிவு பண்ணிக்கலாம்."

சட்டென்று வெளிச்சம் தெரிந்தது. "அப்ப மொதலாவது எனக்கு!"

"அதெப்படிங்க? ஊத்தறவங்க எல்லாத்துக்கும் குடுத்துப்போட்டுக் கடைசியாக் குடிக்கறதுதானுங்க எங்க ஊட்டு மொறை. நான் இத்தன வருசமா மூணாவது டிகாஷன்தானுங்க குடிக்கறேன். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அப்படி ஒரு டிகாஷன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டு வாசலில், என்னை அறியாமல் குனிந்துதான் நுழைந்தேன்.

ஒரு கேள்வி மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

"கௌரி, நெசமாச் சொல்லு. ரெண்டும் செவப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தானா வந்து ஒருத்தரு பொட்டலம் கட்டறேன்னு நின்னா தெரியாதுங்களா? அது நான் பண்ணுன வேலைதானுங்க."

"நீ பண்ணினியா? எப்ப?"

கௌரி முந்தானை முடிச்சை அவிழ்த்து, செவ்வரளியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு என்னக் குடுக்கறதுக்கு எங்கப்பனுக்குத் துளியும் இஷ்டமில்லீங்க. மாரமங்கலத்துல எஸ்டேட்டுக்காரரு பையனப் பாத்து வெச்சிருந்தாரு. நான் அழுது பொரண்டதுல, சரி, இந்த ஓமலூருப் பையனுக்குக் குடுக்கட்டுமான்னு ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்னு சொன்னாரு. பொட்டலம் கட்டுனது நானு. ரெண்டுலயும் வெள்ளைப் பூவ வெச்சுக் கட்டிப்போட்டனுங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எஸ்டேட்டுக்காரர் பையனை விட்டுவிட்டு என்னை! சாமியையே ஏமாற்றி என்னை! மாதேஷாவது, டிகாஷனாவது, ஆறடியாவது! அந்த நிமிஷம் எனக்கு யார்மீதும் பொறாமை இல்லை. கண்ணெல்லாம் கலங்க, "எனக்காகவா கௌரி?" என்றேன்.

கௌரி பெருமூச்சு விட்டாள்.

"இப்ப நெனச்சுப் பாத்தா, ஆத்தா முடிவுக்கே உட்டிருக்கலாமுங்க."